ஏழு பேர் சேர்ந்து எடுத்த ஒரு குறும்படம்: வேலை கைமாறும் இடங்களில் கற்றவை

மாணவர் குழு ஒன்று எடுத்த ஒரு குறும்படத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பிரித்துப் பார்க்கும் முயற்சி இது. படம் எப்படி வந்தது என்பதைவிட, எடுத்தவர்கள் எதை எந்த இடத்தில் கற்றார்கள் என்பதுதான் இங்கே விஷயம். நான் அந்தக் குழுவில் உதவி இயக்குநர். படப்பிடிப்பு முடிந்த பிறகு எடிட்டரோடு உட்கார்ந்து ரஷ், அதாவது வெட்டாத மூலக் காட்சிகளைப் பார்த்துக் குறிப்பு எடுத்ததும் நான்தான், அதனால் ஸ்பாட்டில் எடுக்கும் ஒரு முடிவு எடிட்டிங்கில் போய் என்னவாகிறது என்று இரண்டு பக்கமும் நின்று பார்க்கக் கிடைத்தது. பார்த்த வரையில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா, லைட், எடிட்டிங் மென்பொருள் எல்லாவற்றையும் தனியாக உட்கார்ந்துகூடக் கற்கலாம். குழுவில் மட்டுமே கற்க முடிகிற ஒன்று இருக்கிறது: நம் வேலையை, நாம் பக்கத்தில் இல்லாதபோதும் அடுத்தவர் எடுத்துத் தொடரும்படி செய்து கொடுப்பது. மாணவர் படம் கெடுவதும் தேறுவதும் பெரும்பாலும் இப்படி வேலை கைமாறும் இடங்களில்தான்.

படமும் குழுவும்

படிப்பின் ஒரு பகுதியாக எடுத்த படம். பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், வசனம் இருக்க வேண்டும், டப்பிங் கூடாது, ஸ்பாட்டிலேயே ஒலி பதிய வேண்டும், படத்தோடு ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓர் அனுபவ அறிக்கை தர வேண்டும். இவைதான் நிபந்தனைகள். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், தயாரிப்பு, உதவி இயக்கம் என்று ஏழு பேருக்கு ஏழு பொறுப்பு. நடிக்க வெளியிலிருந்து இரண்டு பேர்.

கதை எளிமையானது. அப்பா இருந்த வீட்டைக் காலி செய்ய ஓர் அண்ணனும் தங்கையும் வருகிறார்கள். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு ஜன்னல், நாலைந்து அட்டைப்பெட்டிகள். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பேச வேண்டியதை மட்டும் பேசுவதில்லை. ஒரே லொகேஷன், இரண்டே நடிகர்கள் என்பதால் சுலபமாக முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரே அறை என்றால் மறைத்துக்கொள்ள இடமில்லை என்பது ஷூட்டிங்கில்தான் தெரிய வந்தது. வெளிச்சம், சத்தம், பொருள்கள் இருக்கும் இடம் எல்லாமே காட்சிக்குக் காட்சி ஒத்துப்போயாக வேண்டும்.

பொறுப்பு பிரிக்கும்போது நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பல குழுக்களில் இது இப்படியேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் போட்டி இருந்தது. ஒலிப்பதிவு என்றதும் யாரும் வாய் திறக்கவில்லை, கடைசியில் அதிகம் பேசாத ஒருவரிடம் அது போய்ச் சேர்ந்தது. அவர் பேசாதவர்தான், ஆனால் விட்டுக்கொடுக்காதவர். ஹெட்போனைக் காதில் மாட்டியிருப்பவர் "இந்த டேக் வேண்டாம்" என்று சொன்னால் மொத்த யூனிட்டும் நிற்க வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும். யாராவது என்னிடம் கேட்டால், குழுவிலேயே பிடிவாதக்காரர் யாரோ அவரிடம் ஒலியைக் கொடுங்கள் என்பேன்.

காகிதத்திலிருந்து ஸ்பாட்டுக்கு

திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்கு உண்டு. ஷெட்யூல் போடும்போது பக்கத்தை எட்டாகப் பிரித்து, இந்தக் காட்சி இரண்டு பக்கமும் எட்டில் மூன்று பாகமும் என்று எழுதுவார்கள். நிறையப் படங்களை வைத்துச் சராசரி பார்த்தால் அந்தக் கணக்கு பொருந்துகிறது, தனித்தனிக் காட்சிக்குப் பல சமயம் பொருந்தாது. எங்கள் ஸ்கிரிப்டில் "தங்கை மேசை டிராயரைத் திறந்து ஒவ்வொரு பொருளாகப் பார்க்கிறாள்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. காகிதத்தில் அது எட்டில் ஒரு பாகம்கூட இல்லை. ஆனால் என்னென்ன பொருள், எந்த வரிசையில், எதைப் பார்த்ததும் கை நிற்கிறது, அப்போது அண்ணன் அறையில் இருக்கிறானா இல்லையா என்று கேட்டுக்கொண்டே போனபோது படத்தின் முக்கியமான காட்சியே அதுதான் என்று புரிந்தது. எடுக்க அரை நாள் பிடிக்கும், திரையிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் போகும்.

எழுதியவருக்கு அந்தக் காட்சி மனதில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது, அதனாலேயே ஒரு வரியில் முடித்துவிட்டார். அவர் மனதில் இருந்ததை வெளியே எடுத்தது பிரேக்டவுன் போடும் வேலைதான். ஒவ்வொரு காட்சிக்கும் என்ன பொருள், என்ன உடை, பகலா இரவா, என்ன சத்தம், யார் யார் வேண்டும் என்று பிரித்து எழுதும் இந்த வேலை பார்க்கக் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும், அதனால் மாணவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் ஒரு ஸ்கிரிப்டை ஏழு பேரின் கண்ணால் படிக்கும் பயிற்சி அது. டிராயரில் பழைய ரேடியோ இருக்கும் என்று எழுத்தாளர் சொன்னவுடன் அது பாடுமா பாடாதா என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு காட்சியே மாறியது. முதலில் அது வெறும் பொருள், அப்புறம் அது வேலை செய்யாத ரேடியோ, அப்புறம் அண்ணன் அதைச் சரிசெய்ய முயற்சி செய்கிறான், கடைசி வெர்ஷனில் அந்த முயற்சிதான் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்ததைச் சொன்னது. எழுத்தாளர் தனியாக உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்காது என்று அவரே சொன்னார்.

ஜன்னல் பக்கச் சண்டை

இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் நடந்த ஒரு வாக்குவாதத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் படத்தில் நான் பார்த்த மிக நல்ல கற்றல் அதில்தான் நடந்தது.

அண்ணன் தங்கை இருவரும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து பேசும் காட்சி. இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொண்டு கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது பழைய விதி, 180 டிகிரி விதி என்று எல்லோரும் முதல் ஆண்டிலேயே படித்திருக்கிறோம். கோட்டைத் தாண்டினால் லுக் மாறிவிடும், இடது பார்த்துப் பேசியவர் திடீரென்று வலது பார்ப்பார், இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போலிருக்கும். வைட் ஷாட்டும் அண்ணனின் சஜஷன் ஷாட்டும் (எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுப்பது) எடுத்து முடித்த பிறகு இயக்குநர் ஜன்னல் பக்கம் போய் நின்று, தங்கையின் க்ளோஸ் அப் இங்கேயிருந்து வேண்டும் என்றார். அந்தப் பக்கம் வெளிச்சம் உண்மையிலேயே அழகாக விழுந்தது. ஒளிப்பதிவாளர் "லைன் கிராஸ் ஆகும், முடியாது" என்றார். "விதியெல்லாம் உடைக்கத்தானே இருக்கு" என்று இயக்குநர், "உடைச்சா எடிட்டர்தான் மாட்டுவார்" என்று ஒளிப்பதிவாளர். இருவரும் சொன்னது சரிதான், ஆனால் வாயால் பேசிக்கொண்டிருந்தவரை ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தோல்வியாகவே கேட்டது.

திருப்பம் வந்தது தயாரிப்பைப் பார்த்துக்கொண்டவரால். அவர் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் அறையின் வரைபடத்தை வரைந்தார், மேசை, ஜன்னல், இரண்டு ஆட்கள், எடுத்த ஷாட்களின் கேமரா இடங்கள். "இப்ப உங்க ஷாட்டை இதில போடுங்க" என்று பேனாவை இயக்குநரிடம் கொடுத்தார். போட்டதும் எல்லோருக்கும் பிரச்சினை கண்ணில் தெரிந்தது. அதைவிட முக்கியமாக, வழியும் அதே படத்தில் தெரிந்தது. அண்ணன் எழுந்து ஜன்னலுக்கு நடந்தால் இருவருக்கும் நடுவிலிருக்கும் கோடும் அவனோடு சேர்ந்து நகர்கிறது, அந்த நடையை ஒரே ஷாட்டில் காட்டிவிட்டால் பார்வையாளருக்கு அறையின் புது திசை பழகிவிடும், அதன் பிறகு ஜன்னல் பக்கமிருந்து தங்கையை எடுக்கலாம். அவன் எழுந்து போக ஒரு காரணம் வேண்டும், அதை எழுத்தாளர் அங்கேயே கொடுத்தார்: அப்பாவைப் பற்றித் தங்கை கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பாமல் எழுகிறான். தொழில்நுட்பச் சிக்கலுக்குத் தேடிய விடை கதையை ஒரு படி ஆழமாக்கியது.

அந்த நாளிலிருந்து எங்கள் குழுவில் ஷாட் டிவிஷன், அதாவது காட்சியை ஷாட்களாகப் பிரிப்பது பற்றிய வாக்குவாதம் எதுவும் வரைபடம் இல்லாமல் நடக்கவில்லை. குழுவாக வேலை செய்யும் திறன் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது எங்கள் விஷயத்தில் ஓர் அட்டைப்பெட்டியும் பேனாவுமாக வந்தது. வரைந்து காட்டினால் கருத்து ஆளிடமிருந்து பிரிந்து காகிதத்துக்குப் போய்விடுகிறது, அப்புறம் அதைத் திருத்துவதில் யாருக்கும் வருத்தமில்லை.

வெளிச்சமும் நேரமும்

ஜன்னல் வெளிச்சத்தை நம்பி எடுத்தால் சூரியன் சொல்வதுதான் ஷெட்யூல். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், பழைய மஞ்சள் பல்பு சுமார் 2700 கெல்வின், இரண்டும் ஒரே ஃப்ரேமில் வந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி ஆரஞ்சாகவும் தெரியும். கேமராவில் ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பை, எதற்கு வைத்தாலும் இன்னொன்று தப்பாகத்தான் இருக்கும். ஒளிப்பதிவாளர் அறையின் பல்புகளைக் கழற்றிவிட்டு, பகல் நிறத்தில் வைக்கக்கூடிய எல்இடி லைட் ஒன்றை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டார். ஷட்டர் விஷயத்தையும் அவர்தான் எல்லோருக்கும் விளக்கினார். விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கும்போது வழக்கமான ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் உள்ளே விழும் நேரம், 1/48 விநாடி, ஆனால் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிவதால் 1/50 வைப்பது பாதுகாப்பு, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60.

எனக்கு இதில் கிடைத்த பாடம் வரிசை பற்றியது. மாணவர் ஷூட்டிங்கில் கதை வரிசையிலேயே ஷாட் எடுக்கும் பழக்கம் உண்டு, நடிகர்களுக்கு வசதி என்று. நாங்கள் அதை விட்டுவிட்டு, ஜன்னல் தெரியும் வைட் ஷாட்கள் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட்டு, க்ளோஸ் அப்களை மாலைக்குத் தள்ளினோம். க்ளோஸ் அப்பில் தெரிவது ஒரு முகம் மட்டும், ஜன்னல் வெளிச்சத்தை ஒரு லைட்டும் வெள்ளைத் துணியும் வைத்து உண்டாக்கிவிடலாம், வைட் ஷாட்டில் அது முடியாது. இதற்காக நடிகர்கள் காட்சியின் முடிவை முதலிலும் தொடக்கத்தைக் கடைசியிலும் நடிக்க வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் "இதுக்கு முன்னாடி என்ன நடந்தது, இப்ப நீங்க எந்த மனநிலையில இருக்கீங்க" என்று இயக்குநர் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. லைட்டுக்காகச் செய்த மாற்றம் இயக்குநரை நடிகர்களிடம் தெளிவாகப் பேசப் பழக்கியது, முதல் நாளில் அவர் "இன்னும் கொஞ்சம் ஃபீலோட" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒலி, கிளாப், யாருக்கும் சொந்தமில்லாத வேலை

ஒலிப்பதிவாளர் முதலில் செய்தது அறையில் எல்லோரையும் கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்காரச் சொன்னதுதான். மின்விசிறி, பக்கத்து அறை ஃப்ரிட்ஜ், டியூப் லைட்டின் ரீங்காரம், எங்கோ தண்ணீர் மோட்டார். வழக்கமாக மூளை வடிகட்டிவிடும் இவையெல்லாம் மைக்கில் விழும். ஃப்ரிட்ஜை அணைத்தவர் வண்டிச் சாவியை அதற்குள் வைத்தார், போகும்போது சாவியைத் தேடினால் ஃப்ரிட்ஜை மறுபடி போடும் ஞாபகம் வரும் என்பதற்காக. ஒலிப்பதிவாளர்களிடம் வழிவழியாக வரும் தந்திரம் இது, அருமையானது.

ஒவ்வொரு கேமரா அமைப்பு முடிந்ததும் அறையின் வெறும் சத்தத்தை, அதாவது ரூம் டோனை, அரை நிமிடத்துக்குக் குறையாமல் பதிவு செய்தார். அப்போது எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். களைத்துப் போன யூனிட்டுக்கு அது நீண்ட நேரம், முணுமுணுப்பு இருந்தது. எடிட்டிங்கில் இரண்டு டேக்கை ஒட்டும் இடத்திலெல்லாம் அந்த ரூம் டோன்தான் இடைவெளியை நிரப்பியது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் பொட்டென்று அறுந்து அறுந்து வரும்.

பிரச்சினை வந்தது கிளாப்பில். கேமரா தனி, ஒலிப்பதிவுக் கருவி தனி என்பதால் இரண்டையும் சேர்க்க கிளாப் வேண்டும். பலகை மூடுவது படத்தில் தெரியும் ஃப்ரேமையும் அந்த 'டக்' சத்தத்தையும் ஒன்றாக வைத்தால் மிச்சமெல்லாம் பொருந்திவிடும். 24 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லி விநாடி, இரண்டு மூன்று ஃப்ரேம் தள்ளிப்போனாலே உதட்டுக்கும் சொல்லுக்கும் ஒட்டாமல் ஏதோ உறுத்தும். சரி, கிளாப் அடித்தோம். ஆனால் ஏழு பொறுப்பில் கிளாப் யாருடையது என்று எழுதப்படவில்லை. கை காலியாக இருந்தவர் எடுத்து அடித்தார். ஒரு மதியம் முழுக்கக் கிளாப் சத்தம் இருக்கிறது, பலகையில் எண் மட்டும் மாறவே இல்லை, எல்லா டேக்கும் ஒரே ஷாட் எண்ணைக் காட்டுகிறது. அடித்தவர்கள் ஒவ்வொருவரும் எண்ணை முந்தையவர் மாற்றியிருப்பார் என்று நினைத்தார்கள்.

எடிட்டர் அந்த மதியத்தின் ஃபைல்களை ஒவ்வொன்றாக உதட்டைப் பார்த்து, வசனத்தைக் கேட்டு, எது எதோடு சேரும் என்று கண்டுபிடித்தார். மென்பொருள் இரண்டு ஒலிகளின் அலைவடிவத்தை ஒப்பிட்டுத் தானாகச் சேர்க்கும்தான், ஆனால் கேமராவின் சொந்த மைக் தூரத்தில் இருந்ததால் சில ஷாட்களில் அது தடுமாறியது. இதில் எந்த ஒருவரையும் குறை சொல்ல முடியாது, அதுதான் இந்தச் சம்பவத்தின் முக்கியத்துவம். பலர் சேர்ந்து செய்யும் வேலையில் ஒவ்வொருவரின் முயற்சியும் குறைகிறது என்று உளவியலாளர் பிப் லட்டானேயும் சக ஆய்வாளர்களும் 1979-இல் சோதனை செய்து காட்டினார்கள். எங்கள் குழுவில் யாரும் சோம்பேறி கிடையாது. நடந்தது ஒன்றே ஒன்று, வேலைக்குச் சொந்தக்காரர் இல்லை. மறுநாள் முதல் கிளாப்புக்கும் எண்ணுக்கும் டேக் குறிப்புக்கும் சேர்த்து எழுத்தாளர் பொறுப்பேற்றார், ஷூட்டிங்கில் அவருக்குத்தான் வேலை குறைவு. அதன் பிறகு எண் குழப்பம் வரவில்லை.

அவர் எழுதிய குறிப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் இருந்த தாளில் ஓகே, நாட் ஓகே என்று இரண்டே வார்த்தைகள். எடிட்டருக்கு அது போதாது. எழுத்தாளர் "டேக் 4: கடைசி வரி மிக நன்றாக வந்தது, நடுவில் விமானச் சத்தம்" என்று காரணத்தோடு எழுதத் தொடங்கினார். அந்த ஒரு மாற்றத்தால் 'நாட் ஓகே' டேக்குகளிலிருந்தும் பாதியைக் காப்பாற்ற முடிந்தது, கடைசி வரி டேக் 4-இலிருந்தும் நடுப்பகுதி டேக் 2-இலிருந்தும் வந்தது. கன்டினியூட்டியிலும், அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போவதிலும், அப்படித்தான். பொருள்கள் எங்கே இருந்தன என்பதைப் போனில் படம் எடுத்தால் போதும். நடிகை எந்தச் சொல்லில் கையை டிராயரிலிருந்து எடுத்தார் என்பதைப் போட்டோ சொல்லாது, யாராவது எழுதித்தான் வைக்க வேண்டும், வெட்டும்போது வேண்டியது அதுதான்.

கேமராவின் மெமரி கார்டு விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. இரண்டு வெவ்வேறு டிரைவில் நகல் எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்யும் வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது என்பது விதி, அதைத் தயாரிப்பில் இருந்தவர் கடைசி வரை காத்தார், எதுவும் தொலையவில்லை.

எடிட்டிங்கில் திரும்பவும் ஒரு கதை

ரஃப் கட், அதாவது முதல் தொகுப்பு, நீளமாகவும் தட்டையாகவும் இருந்தது. எல்லாக் காட்சியும் இருந்தன, எல்லா வசனமும் இருந்தன, படம் மட்டும் இல்லை. எடுக்க எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்பது எடிட்டருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது என்று சொல்வார்கள், எங்கள் எடிட்டரும் ஸ்பாட்டுக்கு அதிகம் வரவில்லை, அதனால் இயக்குநருக்குப் பிடித்த ஒரு நீண்ட டிராலி ஷாட்டை எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுத்துவிட்டார். அந்த ஷாட்டுக்காக ஒரு காலை முழுவதும் செலவாகியிருந்தது. இயக்குநர் அதை இழந்ததற்கு வருந்தினார், ஆனால் இரண்டு வெர்ஷனையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு அவரே "இது வேண்டாம்" என்றார். அவர் அன்று காட்டிய நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரு வெட்டைத் தீர்மானிக்க எதற்கு எவ்வளவு எடை தருவது என்று ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு கணக்குச் சொல்வார், உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, இப்படி இறங்கிக்கொண்டே போய் முப்பரிமாண வெளியின் தொடர்ச்சிக்கு வெறும் 4. எங்களுக்கு இது நேரடியாகப் பயன்பட்டது. தங்கை நன்றாக நடித்த டேக்கில் பெட்டி ஒன்று கொஞ்சம் நகர்ந்திருந்தது. நடிப்பை எடுத்தோம், பெட்டியை விட்டோம், பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. வசனத்தில் பெரும்பகுதி போயிற்று. அண்ணன் பேசும்போது அவன் முகத்தைக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கையின் முகத்தைக் காட்டினார் எடிட்டர், குரல் மட்டும் மேலே ஓடியது. ஒரே முகத்துக்கு முன்னும் பின்னும் வேறு வேறு படங்களை வைத்தால் பார்ப்பவர் அந்த முகத்தில் வேறு வேறு உணர்ச்சியைப் படிப்பார் என்று ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியதை வகுப்பில் படித்திருந்தோம். அது நம் நடிகையின் முகத்திலேயே நடப்பதைப் பார்த்தபோது உண்டான சந்தோஷம் வேறு.

அப்புறம் வெளியாட்கள் சிலரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். நல்லா இருக்கா என்று கேட்கக் கூடாது, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும் என்பது எடிட்டரின் யோசனை. சொல்லச் சொன்னோம். பிரிந்துபோகும் கணவனும் மனைவியும் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று சொன்னார்கள், ஒருவர் இல்லை, பலர்.

எங்களுக்கு அதிர்ச்சி. ஸ்கிரிப்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அண்ணன், தங்கை என்றுதான் எழுதியிருந்தது, ஆனால் அதெல்லாம் யார் பேசுகிறார்கள் என்று காட்டும் பெயர்கள், வசனத்துக்குள் வரவே இல்லை. அப்பாவைக்கூட இருவரும் 'அவர்' என்றே பேசினார்கள், நெருக்கம் இல்லாததைக் காட்ட எழுத்தாளர் வேண்டுமென்றே செய்தது. படப்பிடிப்பு முழுக்க நாங்கள் எல்லோரும் அவர்களை அண்ணன் தங்கை என்றே அழைத்துப் பழகியதால் படத்தில் அது இல்லை என்பது எங்கள் கண்ணில் படவே இல்லை. எழுத்திலிருந்து இயக்கம், இயக்கத்திலிருந்து நடிப்பு, நடிப்பிலிருந்து எடிட்டிங் என்று எல்லாக் கைக்கும் மாறி வந்த ஒரு செய்தி கடைசிக் கைக்கு, பார்வையாளருக்குப் போய்ச் சேரவில்லை.

மறுபடி ஷூட் செய்ய நேரம் இல்லை. தொடக்கத்தில் தங்கை கேமராவுக்கு முதுகு காட்டி அலமாரி முன் நிற்கும் ஒரு வைட் ஷாட் இருந்தது, உதடு தெரியாது. டப்பிங் கூடாது என்பதால் நடிகையை அதே அறைக்கு வரவழைத்து, அதே மைக்கில், "அண்ணா, இதையும் எடுத்துக்கவா?" என்று ஒரு வரி மட்டும் பதிவு செய்தோம். அந்த இடத்தில் வைத்துக் கீழே ரூம் டோன் போட்டதும் ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை பார்த்தவர்கள் யாரும் கணவன் மனைவி என்று சொல்லவில்லை. ஒரே வரி, அதுவும் அன்று எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே நின்ற அந்த ரூம் டோன் இருந்ததால் சாத்தியமான வரி.

அறிக்கை எழுதும்போது

படம் முடிந்து தனித்தனி அறிக்கை. அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதக் கல்வியியலாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் கொடுத்த வட்டத்தைப் பின்பற்றச் சொன்னார்கள்: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், ஏன் அப்படி, முடிவு, அடுத்த முறைக்கான திட்டம். நல்ல கருவிதான், ஆனால் பலர் அதன் ஆறு தலைப்புகளையும் சம அளவில் நிரப்பப் பார்க்கிறார்கள். அப்படி எழுதிய அறிக்கைகளில் "குழுவாக வேலை செய்யக் கற்றேன், நேர மேலாண்மை கற்றேன், தகவல் தொடர்பு முக்கியம் என்று உணர்ந்தேன்" என்றுதான் வரும், எந்தப் படத்தின் அறிக்கையிலும் இதை ஒட்டிவிடலாம். என் கருத்தில், ஒரு முடிவை எடுத்துக்கொண்டு அதை யார் எடுத்தார், எந்தத் தகவலை வைத்து எடுத்தார், அது யார் மேசையில் போய் விழுந்தது, அவர் அதைச் சமாளிக்க என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பின்தொடர்ந்து எழுதினால் ஏன் என்ற பகுதி தானாக வரும். கிளாப் எண் பற்றி எடிட்டர் எழுதிய இரண்டு பக்கம் அப்படி இருந்தது, கோபம்கூட அதில் மறைக்கப்படவில்லை. கிப்ஸ் உணர்வுக்கு ஓர் இடம் வைத்ததற்குக் காரணம் அதுதானே, எங்கே எரிச்சல் வந்ததோ அங்கேதான் ஏதோ சரியாகக் கைமாறவில்லை.

மதிப்பெண் விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. குழுவுக்கு ஒரே மதிப்பெண், அறிக்கைக்குத் தனி மதிப்பெண் என்று பிரித்தார்கள், டேக் குறிப்புத் தாள்கள், பிரேக்டவுன், ஒலிப்பதிவுக் குறிப்பு இவற்றை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. ஒரு மாணவர் என்ன கற்றார் என்பது அந்தத் தாள்களில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். முதல் நாள் தாளையும் கடைசி நாள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். பாடம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், படத்தோடு சேர்த்து அவற்றையும் வாங்கிப் பாருங்கள்.

இதே குழுவில் ஐந்து பேர் அடுத்த படத்தையும் சேர்ந்து எடுத்தோம். எடிட்டர் ஷாட் டிவிஷன் பேசும்போதே வந்து உட்கார்ந்தார், கிளாப்புக்கு முதல் நாளிலேயே ஆள் போட்டோம். லொகேஷன் பார்க்கப் போகும்போது ஒலிப்பதிவாளரையும் கூட்டிக்கொண்டு போனோம். ஒளிப்பதிவாளருக்கும் இயக்குநருக்கும் மிகவும் பிடித்துப்போன ஒரு வீட்டில் அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, பின்பக்கம் மெஷின் ஓடுகிறது, இங்கே வசனம் எடுக்க முடியாது என்றார். வேறு வீடு தேடினோம்.